அடுத்த அறைக்குப் போகச் சொன்னவள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

அழைப்பை எப்படித் தொடங்குவது, அந்தப் பக்கம் அம்மா அழுதால் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை நான் வீணாக்கப் போவதில்லை. அடம் பிடிக்கிற, கடிக்கிற, கையில் கிடைத்ததை வீசி உடைக்கிற சின்னப் பிள்ளைகளின் பெற்றோரோடு பதினொரு வருடம் தொலைபேசியில் பேசியவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை. அதில் பாதி என்மேல்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'இந்த அம்மா எல்லாரையும் திட்டுகிறாள்' என்று சொல்லக்கூடாது.

தொலைபேசியில் உதவுவது நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. பலாங்கொடையிலிருந்து மேலே தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைப்பிள்ளையோடு ஒரு தாய் கிழமைக்கு ஒரு நாள் கிளினிக்குக்கு இறங்கி வருவது நடக்கிற காரியமில்லை என்று. அதனால் நாங்கள் கிழமைக்கு ஒரு தடவை அழைப்போம். பன்னிரண்டு கிழமை. பிள்ளை கத்தினால் என்ன செய்வது, அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுப்போம். அதற்கு ஒரு கைநூல் இருந்தது. எங்கோ வெளிநாட்டில் எழுதி, கொழும்பில் யாரோ மொழிபெயர்த்தது. அதில் படம் போட்டிருந்த வீட்டில் மாடிப்படி இருந்தது.

முட்டாள்தனம் முதல் மாதமே தொடங்கியது. காலை பத்து மணிக்கு அழைக்கச் சொன்னார்கள். பத்து மணிக்கு எந்தத் தோட்டத்து அம்மா வீட்டில் இருப்பாள்? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். மூன்று தடவை போன் எடுக்காவிட்டால் 'ஆர்வமில்லை' என்று எழுதிப் பெயரை வெட்டிவிட வேண்டும். ஆர்வமில்லையாம். நான் எங்கள் முகாமையாளரோடு மல்லுக்கட்டி, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, மாலை ஐந்தரைக்குமேல் அழைப்பதற்கு அனுமதி வாங்கினேன். அந்தச் சண்டையில் ஜெயித்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. றக்வான பக்கத்தில் ஒரு லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள், தோட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் ஸ்டெல்லாவிடம் பேசினேன்.

ஸ்டெல்லா பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கணவன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். ஒரே மகள் ஜெனி, நாலு வயது. பகலில் ஜெனியைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர், ஜெனி இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டாள் என்றும், இப்படியே போனால் இனிக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பிள்ளைக் காம்பராவில் எடுக்காவிட்டால் ஸ்டெல்லா வேலைக்குப் போக முடியாது. எங்கள் இலக்கத்துக்கு அவளாகவே அழைத்துப் பெயர் கொடுத்தாள்.

முதல் மூன்று அழைப்பும் நன்றாகத்தான் போயின. ஸ்டெல்லா கெட்டிக்காரி. ஒரு தடவை சொன்னால் போதும். ஜெனி ஒழுங்காக இருக்கிற நேரம் பார்த்துப் பாராட்டச் சொன்னேன், செய்தாள். தினமும் பத்து நிமிடம் அவளோடு மட்டும் விளையாடச் சொன்னேன், கொழுந்து எடுத்து வந்த களைப்போடு அதையும் செய்தாள். எங்கள் பேச்சு நமக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்று கைநூலில் இருந்ததை வாசித்துக் காட்டியிருந்தேன். அதற்காக அவள் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலி பக்கமாகப் போய் நின்று பேசுவாள். தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

நாலாவது அழைப்பில் வந்தது அந்தப் பாடம். பிள்ளை காரணமில்லாமல் கத்தி அடம் பிடித்தால் கவனிக்காமல் விடுவது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"ஜெனி கத்தத் தொடங்கினா நீங்க அவள பாக்காதீங்க, பேசாதீங்க. அடுத்த ரூமுக்குப் போயிருங்க. கத்துறது நின்ன பொறகு வந்து தூக்குங்க."

"அடுத்த ரூமுன்னா அது பாக்கியம் அக்கா வூடுங்க மிஸ்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கைநூலை மூடி வைத்துவிட்டு, அந்த வீடு எப்படி இருக்கிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அழைப்புக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போகிறது, எனக்குப் பிறகு இன்னும் இரண்டு அழைப்பு காத்திருக்கிறது.

"அப்ப நீங்க வெளிய இஸ்தோப்புல, வாசத் திண்ணையில போய் உக்காருங்க. கதவச் சாத்திருங்க. முக்கியமா, வேற யாரும் தூக்கக் கூடாது. பக்கத்து வூட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க."

"கதவச் சாத்தவா மிஸ்?"

"சாத்துங்க. ஒண்ணும் ஆகாது."

"ஹரி மிஸ், சாத்துறேன்."

குறிப்பில் 'கவனியாதிருத்தல் பற்றி ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதி, அடுத்த இலக்கத்தை அழுத்தினேன்.

லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் அது யாருடைய பிள்ளை என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கைக்கெட்டிய ஆள் தூக்குவார். என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். ஒரு பிள்ளையைத் தூக்காமல் அழ விட்டால் அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் தெரிந்தவள், பலாங்கொடை டவுனில் மூன்று அறை வீட்டுக்கு வந்து சில வருடமானதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, யாரும் தூக்கக்கூடாது என்று லயத்துக்கே சட்டம் போட்டேன். கைநூல் எழுதியவனுக்குத் தெரியாது, அவனை மன்னிக்கலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஸ்டெல்லா சொன்னதைச் செய்தாள். அதுதான் நடந்த விபரீதம். முதல் நாள் ஜெனி கத்தினாள், இவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளை கதவை உதைத்துத் திறந்தது. அடுத்த நாள் வெளியிலிருந்து கொண்டியைப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஓடி வந்தபோது, "தொடாதீங்க அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று மறித்தாள். ஏன் என்று சொல்லவில்லை, பேச்சு நமக்குள் மட்டும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. ஜெனி பிறந்ததிலிருந்து அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்ததில் பாதி பாக்கியம்தான். அவளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் மாலை ஜெனி கத்திக் கத்தி வாந்தியெடுத்தாள். பிறகு சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் பயந்துபோய், ஸ்டெல்லாவைத் தள்ளிவிட்டுக் கொண்டியை எடுத்து உள்ளே போனாள். பிள்ளை களைத்துத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு தோட்டத்து வெல்பெயார் உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனாள். லயத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் பின்னால் போனார்கள்.

பெற்ற பிள்ளையைப் பூட்டிப் போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் ஊரில் இல்லை, என்னவோ ஏதோ என்று பேச்சு வளர்ந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். முறைப்பாடு பிரதேச செயலகத்துக்குப் போனது. விசாரணை முடியும்வரை ஜெனியைச் சிறுவர் இல்லத்தில் விடலாமா என்று யோசிப்பதாகவும், தோட்டத்து ஓபிசில் எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகவும் எங்களுக்குக் கடிதம் வந்தது. ஸ்டெல்லாவின் போனில் எங்கள் இலக்கம் இருந்ததைப் பார்த்து எங்களையும் அழைத்திருந்தார்கள்.

அந்தக் கடிதம் கிடைத்த அன்றுதான் எங்கள் ஓபிசின் சுயரூபத்தைப் பார்த்தேன். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு என் குறிப்பைத் திரையில் காட்டினார்.

"கதவச் சாத்தச் சொன்னதா இதுல எங்கயாவது இருக்கா?"

"குறிப்புல இல்ல. ஆனா நான் சொன்னேன்."

"குறிப்புல இல்லத்தானே? அப்ப நாங்க சொல்லல்ல."

"நான் சொன்னேன் சேர். என் வாயால சொன்னேன்."

"கைநூல்ல கதவப் பத்தி ஒண்ணும் இல்ல. அந்த அம்மா பிழையா விளங்கிக்கிட்டாங்க. தோட்டத்து ஆக்கள்தானே, அப்பிடி நடக்கும்."

தோட்டத்து ஆக்கள்தானே. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் எங்கிருந்து வந்தவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள் வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். பிறகு தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார். வாராந்தம் ஆலோசனை வழங்கப்பட்டது, குழந்தையைத் தனியே அடைத்து வைக்குமாறு எவ்வித ஆலோசனையும் வழங்கப்படவில்லை என்று இருந்தது. விசாரணையில் இதைக் கொடுத்துவிட்டு வரவேண்டும், வேறு எதுவும் பேசத் தேவையில்லை. அது என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம். அவர் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பஸ்ஸில் மேலே போகும்போது என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நியாயவாதியாக நான் போகவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு விசாரிக்கும் உத்தியோகத்தரைத் தனியாகச் சந்தித்து விஷயத்தைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டெல்லா எப்படியும் நான் சொன்னதைச் சொல்லிவிடுவாள், நான் மறுக்காமல் இருந்தால் போதும் என்றும் நினைத்தேன். இதைவிடக் கோழைத்தனமான கணக்கு என் வாழ்க்கையில் போட்டதில்லை.

தோட்டத்து ஓபிசில் ஒரு நீள மேசை. சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர், நடுத்தர வயதுச் சிங்களப் பெண், கோப்பைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் வெல்பெயார் உத்தியோகத்தர். இந்தப் பக்கம் பாக்கியம், ஜெனி அவள் மடியில். எதிர்ப்பக்கம் ஸ்டெல்லா தனியாக. நான் அவளை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். குரலை வைத்துப் பெரிய பெண்ணாக நினைத்திருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். ஜெனி மடியிலிருந்து இறங்கி அம்மாவிடம் போகப் பார்த்தாள், பாக்கியம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார். இங்கே எல்லாருக்கும் சிங்களம் தெரியும்.

"ஏன் பிள்ளையை உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டாய்?"

ஸ்டெல்லா தலை நிமிரவில்லை. "அடம் பிடிச்சா மெடம். அடிக்கக் கூடாதுன்னு அப்பிடிச் செஞ்சேன்."

"யாராவது அப்படிச் செய்யச் சொன்னார்களா?"

நான் கடிதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இல்ல மெடம். நானாத்தான் செஞ்சேன். யாரும் சொல்லல."

என் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. உத்தியோகத்தர் அதை எழுதத் தொடங்கினார். அது எழுதி முடிந்து, அதன்மேல் என் கையிலிருந்த கடிதத்தையும் வைத்தால் விஷயம் முடிந்தது. பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போகும். எங்கள் ஓபிசுக்கு ஒரு கீறல் விழாது. எனக்குக் கோபம் பொங்கியது. முகாமையாளர்மேல், கைநூல்மேல், எல்லாவற்றையும்விட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்மேல்.

எழுந்து நின்றேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்க வேண்டும் என்று சிங்களத்தில்தான் சொன்னேன். "எழுதாதீர்கள் மெடம். அவள் பொய் சொல்கிறாள். வெளியே போய்க் கதவைச் சாத்தச் சொன்னது நான். யாரும் தூக்கக்கூடாது என்று சொன்னதும் நான். இன்னொரு அறை இல்லை என்று அவள் சொன்னாள். நான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்து, ஒன்றும் ஆகாது என்றேன். யாரிடமும் பேசக்கூடாது என்று சொன்னதும் நான்தான். நான் சொன்னதைத்தான் அவள் செய்தாள். பிழை எங்களுடையது."

வெல்பெயார் உத்தியோகத்தர் என் கையிலிருந்த கடிதத்தைக் கேட்டார். அதில் இருப்பது உண்மையில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். சிறுவர் உத்தியோகத்தர் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

முதலில் வாய் திறந்தவள் பாக்கியம். "இத ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டாள். "போன்ல பேசுற மிஸ் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா ஏன் இங்க வாறேன்? எம் மேல கோவம்னு நெனச்சேன். புள்ளய என்கிட்டருந்து பிரிக்கிறேன்னு நெனச்சேன்."

"சொல்லக் கூடாதுன்னாங்க அக்கா."

பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பிடியைத் தளர்த்தினாள். ஜெனி இறங்கி மேசைக்கு அடியால் புகுந்து அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள்.

உத்தியோகத்தர் நேர்மையான பெண். சிறுவர் இல்லம் என்ற பேச்சை அன்றே நிறுத்தினார். பிள்ளை தாயோடு இருக்கட்டும், மாதம் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"ஒங்க பேரச் சொன்னா ஒங்கள வேலையிலருந்து நிப்பாட்டிருவாங்கன்னு நெனச்சேங்க. அப்புறம் எனக்கு யாரு மிஸ் போன் எடுப்பா? கெழமைக்கு ஒருக்கா நீங்க எப்பிடி இருக்கீங்கன்னு என்னயக் கேக்குறது நீங்க ஒரு ஆளுதானே."

பிள்ளை கையை விட்டுப் போகிற நேரத்தில் அவளுக்கு என் வேலையைப் பற்றிய கவலை. 

மீதி எட்டு அழைப்பையும் முடித்தோம். இனிப் பீலிக்கரைக்குப் போகவேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஸ்பீக்கரில் போடுங்கள், பாக்கியம் அக்காவும் பக்கத்தில் உட்காரட்டும் என்று சொன்னேன். அந்தச் சுவருக்கு மேலால் லயமே கேட்டிருக்கும், கேட்கட்டும். ஜெனி கத்தினால் ஸ்டெல்லா பக்கத்தில் பேசாமல் உட்காருவது, பாக்கியம் பிஸ்கட்டோடு ஓடி வராமல் இருப்பது, கத்தல் அடங்கியதும் இரண்டு பேரும் தூக்குவது என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். இந்த வழி எந்தக் கைநூலிலும் இல்லை. ஜெனி ஒன்றும் தேவதையாகிவிடவில்லை, பத்தாவது கிழமையிலும் ஒரு பிள்ளையைக் கடித்தாள். ஆனால் பிள்ளைக் காம்பராவில் வைத்துக்கொண்டார்கள், ஸ்டெல்லா வேலைக்குப் போனாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தேனாம். ஒப்பந்தத்தை நிறுத்தவில்லை, ஐந்தரைக்குமேல் தோட்டத்து அழைப்பு எடுக்க வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம். அந்த வீடுகளில் எத்தனை அறை இருக்கிறது என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்க்கும்படி நான் மூன்று தடவை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் வேறொன்றைச் சேர்த்தார்கள். முதல் அழைப்பில் பெற்றோருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கும் இடத்தில், 'வழங்கப்படும் ஆலோசனைகளைச் செயற்படுத்துவது பெற்றோரின் சொந்தப் பொறுப்பாகும்' என்று ஒரு வரி இருக்கிறதே, நீங்கள் தினமும் வாசிக்கிறீர்களே, அது அந்த விசாரணைக்கு அடுத்த மாதம் வந்த வரி.

எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். வேலையை விடும் நாள்வரை நான் அதை ஒரு தாய்க்கும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்ததாகச் சரி மட்டும் போட்டேன், அதற்காக இப்போது யாராவது கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று ஸ்டெல்லா அன்று என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யைத்தான் இப்போது ஒவ்வொரு தாயிடமும் முன்கூட்டியே சொல்ல வைக்கிறார்கள், உங்கள் வாயால்.